மருந்து மட்கும், உலோகம் மட்காது

பெரம்பலூர் மாவட்டம் காரை, குளக்கானத்தம் பக்கத்து ஓடைகளில் மழைக்குப் பிறகு நடந்து பாருங்கள். காலடியில் கிளிஞ்சல்களும் அம்மோனைட் ஓடுகளும் தட்டுப்படும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அம்மோனைட் இனம் பூண்டோடு அழிந்துவிட்டது. அந்தக் கடற்சேற்றில் குடியிருந்த பாக்டீரியாவின் வம்சமோ இன்றும் தழைத்திருக்கிறது. பாதரசம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களைச் சமாளிக்கும் வித்தையை, அம்மோனைட் தோன்றுவதற்கும் வெகுகாலம் முன்பே பாக்டீரியா கற்றிருந்தது. அந்தப் பழைய வித்தைதான் இன்று ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தோற்கடிக்கவும் துணைபோகிறது.

உயிருக்குத் துத்தநாகமும் செம்பும் துளியளவு தேவை. மிஞ்சினால் அவை புரதங்களில் போய் ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டி, செல்லின் வேலையையே நிறுத்திவிடும். அதனால் பாக்டீரியா தன் சவ்வில் பம்புகளை வைத்திருக்கிறது. கிணற்றில் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைப்பதுபோல, உள்ளே வரும் உலோகத்தை இறைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும். பாதரசத்தை அது கையாளும் விதம் இன்னும் வியப்பானது. பாதரச உப்பைத் தானே உள்ளே இழுத்து, ஒரு நொதியால் ஆவியாகக்கூடிய பாதரசமாக மாற்றி, வெளியே பறக்கவிடுகிறது. இதற்கான மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற வளைய டிஎன்ஏவில் இருக்கின்றன. ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு அதைக் கைமாற்றிவிடவும் முடியும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சீழ்ப்புண்ணை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸில் பெனிசிலினை முறிக்கும் பிளாஸ்மிட்டே பாதரசத்தையும் காட்மியத்தையும் தாங்கும் திறனைச் சுமக்கிறது என்று 1968-இல் நோவிக், ராத் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். பாதரசம் பட்ட இடத்தில் அந்தப் பிளாஸ்மிட் உள்ளவை மட்டும் பிழைக்கும். பெனிசிலின் ஒரு சொட்டுகூட இல்லாமலே பெனிசிலின் எதிர்ப்பு வளரும். 1993-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஆன் சம்மர்ஸ் குழு, குரங்குகளின் பல்லில் பாதரசக் கலவையை அடைத்துப் பார்த்தது. சில வாரங்களில் வாயிலும் குடலிலும் பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியா பெருகியது. அவற்றில் பல, ஆன்டிபயாடிக்குகளுக்கும் அசையாதவை.

வேறு வழிகளும் உண்டு. சில பம்புகள் உலோகத்தோடு மருந்தையும் சேர்த்தே வெளியேற்றுகின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் துத்தநாகம் ஏறினால், கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக் உள்ளே நுழையும் வாசலையே அது குறைத்துக்கொள்கிறது.

துத்தநாகத்தின் கதை நம் ஊருக்கும் நெருக்கமானது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010-இல் லான்செட் இதழ்களில் ஒன்றில் எழுதிய ஆய்வு, சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் என்டிஎம்-1 பரவியிருப்பதை உலகுக்குச் சொன்னது. என்டிஎம்-1, பாக்டீரியாவிடம் உள்ள ஒரு நொதி. அதன் நடுக்குழியில் இரண்டு துத்தநாக அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. கார்பபெனத்தின் வளையத்தை உடைப்பது அவற்றின் துணையால்தான். 2014-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர், மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து அந்தத் துத்தநாகத்தை உருவியெடுக்கும் மூலக்கூறைக் கண்டறிந்தார்கள். துத்தநாகம் போனதும் நொதி படுத்துவிட்டது. எலிகளிடம், கார்பபெனம் வகை மருந்தான மெரோபெனம் மீண்டும் வேலை செய்தது.

இப்போது நம் வயலுக்கு வருவோம். மக்காச்சோளத்துக்கு ஜிங்க், அதாவது துத்தநாக, சல்பேட்டை மணலோடு கலந்து தூவுகிறோம். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தில் அழுகல் கண்டால் செம்பு உள்ள காப்பர் ஆக்ஸிகுளோரைடு ஊற்றுகிறோம். கோழித் தீவனத்தில் சேர்க்கும் துத்தநாகமும் செம்பும் பெரும்பகுதி எச்சத்தில்தான் வெளியேறுகின்றன. அந்த எச்சம் எருவாக நிலத்துக்கு வருகிறது. பயிருக்கு ஜிங்க் தேவை என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மண்ணில் விழும் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் வெயிலிலும் நுண்ணுயிர்களாலும் நாளடைவில் சிதைந்துபோகும். உலோகத்துக்குச் சிதைவு கிடையாது. போட்டது போட்டபடி கிடந்து, எதிர்ப்புள்ள பாக்டீரியாவுக்கே ஆண்டுக்கணக்கில் சாதகமாக இருக்கும்.

கறிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. நல்ல முடிவு, ஆனால் பாதிதான். ஐரோப்பிய ஒன்றியம், பன்றிக்குட்டிகளுக்கு மருந்தாகத் தந்துவந்த துத்தநாக ஆக்சைடையும் 2022-இல் நிறுத்திவிட்டது. மண்ணில் அது சேர்வதும் எதிர்ப்புத்திறனை வளர்ப்பதும் அதற்குச் சொன்ன காரணங்கள். இங்கும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் கண்காணிப்பவர்கள் எருவிலும் ஏரி நீரிலும் உலோகத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டத்துக்கு முன் வயல் மண்ணை வாலிகண்டபுரத்திலோ சோழமாதேவியிலோ உள்ள வேளாண் அறிவியல் மையத்துக்குக் கொண்டுபோங்கள். துத்தநாகமும் செம்பும் எவ்வளவு இருக்கின்றன என்று கேளுங்கள். பற்றாக்குறை என்று சொன்னால் மட்டும் ஜிங்க் மூட்டையைப் பிரியுங்கள்.