சேலம் – நாமக்கல் சமவெளித் தோட்டங்களுக்குரிய செந்நிறப் பூக்கள்: இலக்கியப் பெயர்களும் வளர்ப்பு முறைகளும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியம் காட்டும் செந்நிறப் பூக்களுள் காந்தள், வெட்சி, முருக்கு, செயலை ஆகியவற்றையும், செவ்வலரி, செம்பரத்தை ஆகியவற்றையும் சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளித் தோட்டங்களில் வளர்ப்பதற்குரிய வழிமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. இலக்கியப் பெயருக்கும் இன்றைய வழக்குப் பெயருக்கும் இடையே நேரும் மயக்கங்களையும், அம்மயக்கங்களால் விளையும் தீங்குகளையும் சுட்டிக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: காந்தள், வெட்சி, செவ்வலரி, முருக்கு, செயலை, திணை மயக்கம், தோட்டக்கலை.

முன்னுரை

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை நிரல்படுத்துகிறது. அந்நிரல் செங்காந்தளில் தொடங்குகிறது. இப்பகுதியைப் பயிலும் மாணவர் பெரும்பாலும் பூக்களின் பெயர்களை மனப்பாடமாக அறிவரேயன்றிப் பூக்களை அறியார். உரைநூல்களும் பல இடங்களில் ‘ஒரு வகைப் பூ’ என்னும் குறிப்போடு அமைந்துவிடுகின்றன. பூவைக் காணாதவர்க்கு உவமை விளங்குவதில்லை. உவமை விளங்காதபோது உள்ளுறையும் விளங்குவதில்லை. கல்லூரி வளாகத்திலோ வீட்டு முற்றத்திலோ ஒரு சிறு தோட்டம் அமைப்பது இக்குறையைத் தீர்க்கும் எளிய வழியாகும். செந்நிறப் பூக்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செங்காந்தள்

குறுந்தொகையின் முதற்பாடல் திப்புத்தோளார் பாடியது. தலைவன் கையுறையாகக் கொணர்ந்த காந்தளைத் தோழி மறுக்கிறாள். தங்கள் குன்றிலேயே குருதி நிறக் காந்தள் குலைகுலையாய் மலர்ந்திருப்பதை அவள் காரணமாகக் காட்டுகிறாள். குளோரியோசா சூப்பர்பா எனத் தாவரவியலார் வழங்கும் இக்கொடி தமிழ்நாட்டின் மாநில மலராகும். கண்வலிப்பூ, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப்பூ என்பன இதன் வேறு பெயர்கள்.

இதன் இதழ்கள் பசுமை கலந்த மஞ்சளாக விரிந்து, நுனியிலிருந்து சிவந்து, நாட்பட நாட்பட முழுச்சிவப்பாகின்றன. ஆதலின் ஒரே கொடியில் மஞ்சளும் செம்மையும் ஒருங்கே தோன்றும். இதழ்கள் மேல்நோக்கி வளைந்து விரல்போல் நிற்பதைக் கண்ணால் கண்டவர்க்கு, மகளிர் விரலுக்குக் காந்தள் உவமையானதன் காரணம் தானே புலப்படும்.

குறிஞ்சி நிலத்துக்குரிய இப்பூ இன்று கொங்குப் பகுதியின் வறண்ட சமவெளிகளில் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் கிழங்கை நட வேண்டும். மண் செம்மண்ணாகவும் நீர் தேங்காததாகவும் இருத்தல் நன்று. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். இலை நுனியே பற்றுக்கம்பியாக மாறிப் பற்றி ஏறுமாதலின், கம்பிப் பந்தலோ முள்கிளுவை வேலியோ துணையாக வேண்டும். காய் முற்றியபின் கொடி காய்ந்துவிடும். கிழங்கு கோடை முழுவதும் மண்ணுள் உறங்கி, மழையில் மீண்டும் தளிர்க்கும். காய்ந்த கொடியைக் கண்டு செடி இறந்ததெனக் கருதித் தோண்டி எறிதல் கூடாது.

இச்செடியின் எல்லா உறுப்புகளிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. கீல்வாத மருந்துக்கு மூலமாகும் இப்பொருளே உயிர்க்கொல்லியும் ஆகும். உண்ணத்தக்க கிழங்கெனப் பிழைபட எண்ணி இதனை உண்டோர் இறந்ததுண்டு. எனவே கிழங்கைக் கையுறை அணிந்து கையாளுதலும், செடியருகே பெயர்ப்பலகையில் நச்சுத்தன்மையைக் குறித்தலும் இன்றியமையாதன.

வெட்சி

தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறனாக வைக்கிறது. ஆநிரை கவரும் மறவர் சூடும் பூ அது. இக்சோரா காக்சீனியா எனப்படும் இப்புதர்ச்செடியை மக்கள் இன்று ‘இட்லிப்பூ’ என்பர். வெட்சித்திணையைத் தேர்வில் எழுதும் மாணவர், தம் வீட்டு வாயிலில் நிற்கும் இட்லிப்பூவே அவ்வெட்சி என்பதை அறியாதிருத்தல் இயல்பாகிவிட்டது.

வெட்சி அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும். சேலத்தின் மாக்னசைட்டுக் குன்றுகளை அடுத்தும், சுண்ணாம்பு மிகுந்த ஏனைய இடங்களிலும் மண் காரத்தன்மை உடையது. ஆழ்துளைக் கிணற்று நீரும் பல இடங்களில் உப்பு நீரே. இத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருப்பினும் வேர் அதனை உறிஞ்ச இயலாது. அதனால் நரம்பு பச்சையாக நிற்க, இளவிலை மஞ்சளாக வெளிறும். இதனை நீர்ப்பற்றாக்குறை எனக் கருதி மேலும் உப்பு நீர் பாய்ச்சினால் நோய் மிகும். குழியில் மட்கிய எருவை மிகுதியாக இடுதல், மழைநீரைப் பயன்படுத்துதல், இரும்பு சல்பேட்டுக் கரைசலை இலைமேல் தெளித்தல் ஆகியன தக்க தீர்வுகளாகும்.

செவ்வலரி

கணவீரம் எனப் பழந்தமிழில் வழங்கிய செவ்வலரி, இச்சமவெளிக்கு மிகவும் ஏற்ற செடியாகும். ‘அலரி’ என்பது எழுத்து இடம் மாறி ‘அரளி’ எனப் பேச்சில் வழங்குகிறது. இலங்கையில் இப்பெயர் வேறொரு மரத்தையும் குறிக்கும். கொழும்பின் அலரி மாளிகை என்னும் பெயரில் உள்ளது செவ்வலரி அன்று, கோயில்களில் காணப்படும் பெருங்கள்ளி எனப்படும் ஈழத்தலரியே. சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளி பெரும்பரப்பில் பயிராகிறது. அங்கு மாலைக்குரிய பூவை மொட்டாகவே பறித்துச் சந்தைக்கு அனுப்புகின்றனர்.

குச்சி நட்டால் எளிதில் வேர் பிடிக்கும். வறட்சியையும் உப்பு நீரையும் தாங்கும். ஆண்டுக்கொருமுறை கவாத்து செய்தால் புதுக்கிளைகளின் நுனியில் பூக்கள் மிகும். ஆனால் இதுவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. காய்ந்த இலையிலும் நஞ்சு நீங்காது. கால்நடை வளர்ப்பு மிகுந்த இப்பகுதியில், கழித்த கிளைகளை ஆடு மாடுகள் மேயும் இடத்தில் எறிதல் பெருந்தீங்கு விளைக்கும்.

முருக்கும் செயலையும்

சேவலின் கொண்டைக்கு உவமையாகும் கவிர், முருக்கு என்றும் பெயர் பெறும். திருமணப் பந்தற்காலோடு நடப்பெறும் கல்யாண முருங்கை இதுவே. மழைக்காலத்தில் போத்து நட்டால் தழைக்கும். இலையுதிர்ந்த கிளைகளில் பூக்கும். 2004ஆம் ஆண்டில் புதிய இனமாக விவரிக்கப்பெற்ற ஒரு சிறு குளவி இதன் தளிரில் முடிச்சுகளை உண்டாக்குகிறது. முடிச்சு கண்ட கிளைகளை வெட்டி எரித்துவிடுதல் நலம்.

தழையுடைக்குப் பயன்பட்ட செயலை, அசோகு எனவும் வழங்கும். தெருவோரங்களில் ‘அசோக மரம்’ எனச் சுட்டப்படும் நெட்டிலிங்கத்திற்குச் செந்நிறப் பூ இல்லை. அது வேறு இனம். உண்மையான அசோகு நிழலும் ஈரமும் வேண்டுவதாதலின், பெருமரத்தின் கிழக்குப் புறத்தில் நட்டு முதல் சில கோடைகளில் தவறாது நீரூற்ற வேண்டும்.

பிற்கால வரவுகள்

செம்பரத்தை தமிழகத்தில் செம்பருத்தி எனவும், இலங்கையில் செவ்வரத்தை எனவும் வழங்குகிறது. ஆண்டு முழுவதும் பூக்கும் இச்செடிக்கு மாவுப்பூச்சியே முதற்பகை. மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றை கோடையில் செந்தழலெனப் பூப்பினும், சங்கப்பாடல்களின் கொன்றை அதுவன்று. அது பொன்னிறப் பூவுடைய சரக்கொன்றை. செம்மயிற்கொன்றையின் கிளைகள் காற்றில் எளிதில் முறிவதால் வீட்டிலிருந்து விலக்கியே நட வேண்டும்.

முடிவுரை

ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிற நிலத்தில் வரின், வந்த நிலத்தின் பயனையே தரும் என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் கருத்து. குறிஞ்சிக் காந்தளும் கோயில் மாலைக்குரிய அலரியும் மறவர் சூடிய வெட்சியும் ஒரே வேலிக்குள் நிற்கும் தோட்டம் அவ்விதியின் கண்கூடான விளக்கமாகும். பெயரைச் சரியாக அறிதல் இங்குப் புலமைக்கு மட்டும் உரியதன்று. காந்தளும் அலரியும் நஞ்சுடையன ஆதலின் உயிர்க்காப்புக்கும் உரியது. தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் இணைந்து, இலக்கியப் பெயர், வழக்குப் பெயர், தாவரவியற் பெயர், எச்சரிக்கை ஆகிய நான்கும் பொறித்த பலகைகளோடு இத்தகைய தோட்டங்களைக் கல்லூரிதோறும் அமைத்தல் வேண்டும். வரும் ஆடியில் ஒரு காந்தட் கிழங்கை நட்டு அதனைத் தொடங்கலாம்.