திரையில் விரியும் செம்பனைக் காடு

சுபாங் விமான நிலையத்திலிருந்து கோலா சிலாங்கூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் பதினொரு அல்லது பன்னிரண்டு நிமிடங்களில் அங்குச் சென்றுவிடும். இந்தப் பயணத்தை வீட்டுக் கணினியின் முன் அமர்ந்தும் மேற்கொள்ளலாம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்னும் மென்பொருள், துணைக்கோளப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் திரையில் காட்டுகிறது. பூஞ்சாக் ஆலாமைத் தாண்டினால் வளைந்து நெளிந்தோடும் சிலாங்கூர் ஆறு தெரியும். அது கடலைச் சேருமிடத்தில் மெலாவாத்திக் குன்று. வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்கள். இவ்வாறு கணினியில் விமானம் ஓட்டுவதைப் 'பாவனைப் பறப்பு' என்போம்.

பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் உள்ள ஒரு தோட்டத்தில் வாழும் படிவம் நான்கு மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். விமானியாக வேண்டும் என்பது அவன் ஆசை. அவனது விமானம் கடலின்மேல் சீராகப் பறக்கிறது. செம்பனைத் தோட்டங்களை நெருங்கியதும் திரை நின்று நின்று அசைகிறது. புதிய வரைகலை அட்டை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்பா, மிகைநேர வேலை செய்து சேர்த்த பணத்தைத் தர முன்வருகிறார். அவர் பகலில் குலை வெட்டும் மரங்கள்தாம் இரவில் மகனின் கணினியைத் திணற வைக்கின்றன! அந்தப் பணத்தை எதில் செலவிடுவது?

இதற்கு விடைகாண, கணினி எவ்வாறு காட்சியை வரைகிறது என்று முதலில் அறிய வேண்டும். திரையில் தெரியும் மலை, கட்டடம், விமானம் ஆகிய அனைத்தும் சிறுசிறு முக்கோணங்களால் ஆனவை. முக்கோணங்களைத் தக்க இடத்தில் பொருத்தி, அவற்றின்மேல் நிறமும் நிழலும் பூசுவதே வரைகலை அட்டையின் பணி. செம்பனைக் கன்றுகளை ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளி விட்டு நடுவது வழக்கம். அக்கணக்கில் ஒரு ஹெக்டரில் சுமார் 136 மரங்கள் நிற்கும். ஒரு சதுரக் கிலோமீட்டர் என்பது 100 ஹெக்டர். ஆகவே அங்கு 13,600 மரங்கள் இருக்கும். ஒரு மரத்தை வரைய நூறு முக்கோணங்கள் போதும் என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சிறு பரப்புக்கே 13 இலட்சத்து 60 ஆயிரம் முக்கோணங்கள் வேண்டும். ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்க்கும்போதோ பல சதுரக் கிலோமீட்டர் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிறது. அதனால்தான் மென்பொருள் ஒரு தந்திரம் செய்கிறது. அருகிலுள்ள மரத்தை ஓலை தெரிய வரைகிறது. தொலைவிலுள்ள மரத்தை வெறும் பச்சைப் பொட்டாகக் காட்டுகிறது. செகிஞ்சான் வயல்களில் இந்தத் தொல்லை இல்லை. தட்டையான நிலத்தின்மேல் ஒரு படத்தை விரித்துவிட்டாலே வயல் ஆகிவிடும்.

இவ்வளவையும் ஒருமுறை வரைந்தால் போதாது. முழு உயர்தெளிவுத் திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள் உள்ளன. அசைவு சீராகத் தெரிய வேண்டுமானால் நொடிக்கு 30 படங்களாவது வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்குதான். வரைகலைச் செயலியில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிறு கணிப்பு அலகுகள் இருக்கின்றன. அவை ஒரே நேரத்தில் ஆளுக்கொரு புள்ளியைக் கவனிப்பதால் இந்த வேகம் கைகூடுகிறது.

பாவனைப் பறப்பு கணினிக்கும் முந்தையது. அமெரிக்கரான எட்வின் லிங்க், தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் கிடைத்த காற்றுத்துருத்திகளைக் கொண்டு 1929-இல் ஒரு பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். அதில் அமர்ந்தவர் சாய்வதையும் திரும்புவதையும் உணர்ந்தார். ஆனால் வெளிக்காட்சி எதுவும் இல்லை. 1980-இல் புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய மென்பொருளில் நிலம் வெறும் கோடுகளாகத் தெரிந்தது. அதன் வழித்தோன்றலே 1982-இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் வெளிவந்தது. 1990-களின் பிற்பகுதியில் வூடூ, ஜிஃபோர்ஸ் முதலிய முப்பரிமாண வரைகலை அட்டைகள் வீட்டுக் கணினிகளுக்குள் புகுந்தன. கோடுகள் மலைகளாயின.

இப்பொழுது நம் மாணவனிடம் வருவோம். திரை திணறும்போதெல்லாம் வரைகலை அட்டையையே குற்றம் சொல்வது முறையன்று. காட்டுவதற்கு மட்டுமே அது பொறுப்பு. விமானத்தின்மீது காற்று எப்படி மோதுகிறது, இறக்கை எவ்வளவு தூக்குகிறது, அடுத்து எந்த நிலப்பரப்பைக் கொண்டுவர வேண்டும் என்பவற்றை மையச் செயலி கணக்கிடுகிறது. மையச் செயலி மெதுவாக இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த அட்டையும் கைகட்டிக் காத்துநிற்கும். பாவனைப் பறப்பு மென்பொருள்களில் இந்நிலை அடிக்கடி ஏற்படுகிறது.

கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு ஒரு காசும் செலவில்லை. திரையின் தெளிவுத்திறனை அமைப்பில் குறைத்துவிட்டு, அதே தோட்டத்தின்மேல் மீண்டும் பறந்து பார்க்க வேண்டும். படப்புள்ளிகள் குறைந்ததும் வேகம் நன்கு கூடினால், திணறியது வரைகலை அட்டை. வேகம் கூடவே இல்லையென்றால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் செயலி, நினைவகம், வரைகலை அட்டை ஒவ்வொன்றும் எவ்வளவு உழைக்கிறது என்பதும் தெரியும். இன்னொரு குறிப்பு: எப்போதும் ஒரே அளவில் மெதுவாக இருப்பது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென உறைந்து பிறகு ஓடுவது வேறு. இரண்டாவது வகை பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறையால் வருகிறது. இடம் போதாதபோது கணினி தரவுகளை வன்தட்டில் வைத்து வைத்து எடுக்கிறது. வன்தட்டோ மிக மெதுவானது.

தரை மட்டும் மங்கலாகத் தெரிந்தால் இணையத்தைப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டு மென்பொருள், நிலக்காட்சிகளைப் பறக்கும்போதே இணையத்திலிருந்து பெறுகிறது. அதற்குக் குறைந்தது 5 எம்பிபிஎஸ் வேகம் தேவை. 20 இருந்தால் நல்லது எனத் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ளனர். இணைப்பு நலிந்த தோட்டத்து வீட்டில், உலகின் சிறந்த அட்டையாலும் ஆற்றங்கரையைத் தெளிவாக்க முடியாது. (கம்போங் குவாந்தானின் மின்மினிப்பூச்சிகளை எந்த இணைய வேகமும் கொண்டுவராது. அதற்குப் படகில்தான் போக வேண்டும்.)

சோதனையின் முடிவில் அட்டைதான் குற்றவாளி என்று தெரிந்தாலும் உடனே கடைக்கு ஓடக்கூடாது. முதலில் பார்க்க வேண்டியது மின்வழங்கி. ஜிடிஎக்ஸ் 970 என்னும் அட்டைக்கு மட்டும் 145 வாட் மின்னாற்றல் வேண்டும். அதற்கு 500 வாட் மின்வழங்கி பரிந்துரைக்கப்படுகிறது. மலிவான கணினிகள் பலவற்றில் அந்த அளவு இருப்பதில்லை. அட்டைக்குத் தனியாக மின்சாரம் தரும் இணைப்புக் கம்பிகூட சிலவற்றில் கிடையாது. அட்டையின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்று அளவுகோலால் அளந்து பார்ப்பதும் அவசியம். இங்குள்ள வெப்பத்தில், தூசி படிந்த விசிறி அட்டையைச் சூடாக்கிவிடும். சூடேறிய அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே சில வேளைகளில் ஒரு மென்தூரிகை, புதிய அட்டை செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. இடிமின்னல் மிகுந்த நம் நாட்டில் மின்னெழுச்சிக் காப்பு உள்ள செருகுபலகையும் தேவை. அதை வாங்காமல் அட்டை வாங்குவது வேலியில்லாத் தோட்டத்தில் பயிரிடுவது போன்றது.

பழைய அட்டைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றுள் சில, மின்னிலக்க நாணயம் ஈட்டுவதற்காக இரவும் பகலும் ஓடியவை. விசிறி நடுங்குகிறதா, அரைமணி நேரம் ஓட்டினால் தாங்குகிறதா என்று விற்பவர் முன்னிலையிலேயே பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டில் பறக்கும் நேரம் விமானி உரிமத்துக்குக் கணக்கில் சேராது. உண்மையான விமானிகள் செப்பாங்கிலுள்ள பயிற்சி மையத்தில், அசையும் முழு விமானி அறைகளில் பயில்கிறார்கள். ஆனால் உயரமானியைப் படிப்பது, திசையைப் பிடிப்பது, ஓடுபாதையை நோக்கி இறங்குவது ஆகியவற்றை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். விமானிப் பயிற்சிக்கு இலட்சக்கணக்கான ரிங்கிட் செலவாகும். இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்று முன்கூட்டியே அறிவது ஏழை மாணவனுக்குச் சிறிய உதவியன்று.

நம் மாணவன் தெளிவுத்திறனைக் குறைத்துப் பறந்து பார்க்கிறான். வேகம் கூடவில்லை. டாஸ்க் மேனேஜரில் நினைவகம் நிரம்பி வழிகிறது: அவனிடம் இருப்பது 8 ஜிகாபைட்; பரிந்துரைக்கப்பட்டதோ 16. தாய்ப்பலகையில் டிடிஆர்4 வகை நினைவகம் செருகப்பட்டிருப்பதையும், அருகில் ஒரு துளை காலியாக இருப்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறான். அதே வகையில் இன்னொரு 8 ஜிகாபைட் நினைவகத் தகட்டை வாங்கிச் செருகுகிறான். அமைப்பில் மரங்களின் அடர்த்தியை ஒரு படி குறைக்கிறான். அப்பா கொடுத்ததில் பெரும்பகுதி அவர் கைக்கே திரும்புகிறது. அன்றிரவு ஈஜோக் பக்கத்துச் செம்பனைகளின்மேல் விமானம் உறையாமல் பறக்கிறது.