வீட்டில் செய்யும் சிபி வானொலி ஆன்டெனா: நீளத்தைப் பொருத்துவது ஏன், எப்படி?

அமெரிக்கப் பொதுமக்கள் அண்மைத் தொலைவில் உரையாடப் பயன்படுத்தும் சிபி வானொலி, 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 40 அலைவரிசைகளில் இயங்குவதால், அதன் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டராகும். அதில் பாதி நீளமுள்ள கம்பியில் மின்னலைவு ஒத்ததிர்வு அடைந்து ஆற்றலை நன்கு வெளியிடுகிறது. முனைகளின் விளைவால் தேவைப்படும் நீளம் சற்றுக் குறைவதால், ஒவ்வொன்றும் சுமார் 2.6 மீட்டர் கொண்ட இரு செப்புக் கம்பிகள் இருமுனை ஆன்டெனாவாக அமைகின்றன.

மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஆன்டெனா காட்டும் மொத்தத் தடையான மின்னெதிர்ப்பு, இணைப்பு வடத்தின் 50 ஓமிலிருந்து விலகும்போது, அனுப்பிய ஆற்றலில் ஒரு பகுதி திரும்பிவந்து வடத்தில் நிலை அலைகளை உண்டாக்குகிறது. அவற்றின் உச்ச, தாழ்வு மின்னழுத்தங்களின் விகிதமே நிலை அலைத் தகவு. அது 2 ஆனால் சுமார் 11 விழுக்காடு ஆற்றல் எதிரொளிக்கப்படுகிறது. வெட்டிய கம்பியை நீட்டுவது கடினம் என்பதால், சற்று நீளமாகவே தொடங்கி, 1, 40 ஆகிய அலைவரிசைகளில் தகவை அளந்து, 40-இல் அது மிகுதியாக இருந்தால் இரு முனைகளிலும் சம அளவில் சிறிது சிறிதாக வெட்ட வேண்டும். 1-இல் மிகுதியாக இருந்தால் கம்பி குட்டையானது என்று பொருள். மின்கம்பிகளுக்கு அருகில் எந்த ஆன்டெனாவையும் நிறுத்தலாகாது.