கூரையைக் கழற்றும் முன்

திறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே லட்சங்களைக் கொட்ட வேண்டும் என்று நம் பையன்கள் நினைக்கிறார்கள். அந்த ரத்தத்தில் பிறந்த வண்டி ஒன்று சென்னைக்குப் பக்கத்திலேயே தயாராகி, மதுரை மாசி வீதிகளில் டாக்டர்களையும் வக்கீல்களையும் சுமந்து திரிந்தது. பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையிலிருந்து 1961 முதல் வந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. வடிவமைத்தவர் ஜியோவானி மிச்செலோட்டி என்ற இத்தாலியர். அதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்.

நான் கே. புதூர் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை நடத்துகிறவன். கார் மெக்கானிக் இல்லை. மெக்கானிக்குகள் "இது கிடைக்காதுண்ணே" என்று கைவிட்ட சாமான்கள் என்னிடம் வரும். அப்படித்தான் செக்கானூரணித் தம்பி ஒருவர் வந்தார். பெரியப்பா வீட்டிலிருந்து கிடைத்த இரண்டு கதவு ஹெரால்டு. மேலே கூரை இல்லை. வெள்ளை ரெக்சினில் சீட் தைத்திருந்தார். அலாய் வீல் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். "மாருதி இன்ஜின் போட்டுரலாமாண்ணே?" என்பதுதான் முதல் கேள்வி. "பிரேக் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "ரெண்டு மிதி மிதிச்சா பிடிக்கும்ணே."

பழைய வண்டியில் கை வைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகிறார்கள்: முதலில் கண்ணுக்கு, பிறகு காதுக்கு, காசு மிஞ்சினால் காலுக்கு. நான் சொல்வது இதன் தலைகீழ். கையில் இருப்பது குறைவு என்றால் அது முதலில் பிரேக்குக்கும் முன் சக்கரத்துக்கும் போகட்டும்.

இந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எண்ணெய்க் குழாய் ஒரே சுற்று. எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஈரம் மாஸ்டர் சிலிண்டரின் உள்சுவரைப் பொத்தல் பொத்தலாக அரித்திருக்கும். அதில் புது ரப்பர் போட்டாலும் சில மாதத்தில் கிழிந்துவிடும். புது சிலிண்டர் தேடி அலைய வேண்டாம். பழையதையே லேத்தில் கடைந்து, துருப்பிடிக்காத எஃகில் ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே தேய்த்துக் கொடுத்துவிடலாம். வீல் சிலிண்டருக்கும் அதே வைத்தியம். ரப்பர் ஹோஸ்களை மட்டும் யோசிக்காமல் மாற்ற வேண்டும். உள்ளே வீங்கி அடைத்திருப்பது வெளியே தெரியாது.

அடுத்தது பலருக்கும் தெரியாத சங்கதி. முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் மரை வெட்டிய வெண்கல உருப்படி ஒன்று இருக்கிறது, டிரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங் திரும்பும்போது தண்டு இந்த மரைக்குள்தான் சுழல்கிறது. இதற்கு கிரீஸ் ஆகாது, 90ஆம் நம்பர் கியர் ஆயில் விட வேண்டும் என்பது டிரையம்ப் சொன்ன முறை. நம் ஊரில் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது; உள்ளே துருவேறி ஒருநாள் தண்டு முறியும், சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். கொஞ்சம் ஆயில்தான் செலவு. இதைச் செய்யாமல் அலாய் வீல் போடுகிறவரை என்ன சொல்ல! தண்டில் மரை தேய்ந்திருந்தால் நான் கடைந்து தர மாட்டேன். இங்கிலாந்தில் இந்த உதிரிகளை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். சுங்க வரி கட்டியாவது வரவழைப்பதுதான் சரி.

பின்பக்கம் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயத்தில் திடீரென ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கும், சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கும். சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் வீரம் காட்ட இது தோதான வண்டி இல்லை. பின்னாளில் 1972ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் இந்த அமைப்பையே தூக்கிவிட்டு, நேரான ஆக்சில் போட்டார்கள். அதிகச் செலவில்லாத மருந்து நல்ல டயர். சக்கரம் 13 அங்குலம். சின்ன கார்களுக்கென்று வரும் 145/80 ரேடியல் இதற்குப் பொருந்தும். அகல டயர் போட்டால் ஸ்டியரிங் கனக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி இது. அந்தச் சுகத்தை ஏன் காசு கொடுத்துக் கெடுக்க வேண்டும்?

இன்ஜினுக்கு வருவோம். 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன். இங்கிலாந்தில் திறந்த மாடலுக்கு இதே இன்ஜினில் இரண்டு கார்ப்பரேட்டர் போட்டு 45 வரை எடுத்தார்கள். அதற்காக நாமும் இரண்டு போட வேண்டாம். ஒன்றை டியூன் செய்யவே இன்று ஆள் தேட வேண்டியிருக்கிறது. மதுரை சித்திரை வெயிலில் இந்த இன்ஜினுக்குத் தேவை சக்தி அல்ல, குளிர்ச்சி. போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து கூலன்ட் ஊற்றுங்கள். ஃபேன் பெல்ட்டுக்கு அலைய வேண்டாம். ஃபென்னர் ஆலை நம் கோச்சடையிலேயே இருக்கிறது, கடையில் நீளம் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோகும். அந்தக் காலத்தில் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஓட்டுவார்கள். சின்ன எலக்ட்ரிக் பம்ப்பை டேங்க் பக்கம் வைத்துவிட்டால் துணிக்கு வேலை இல்லை. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயஃப்ரத்தையும் அது இளக்கிவிடும். எத்தனால் தாங்கும் குழாயாகப் பார்த்து மாற்றுங்கள், பக்கத்தில் ஒரு தீயணைப்பான் வையுங்கள்.

எலக்ட்ரிக் ஃபேன், ஹாலஜன் விளக்கு எல்லாம் சேர்த்தால் பழைய டைனமோ இழுக்காது. மாருதி 800 ஆல்டர்னேட்டரை ஒரு பிராக்கெட் கடைந்து மாட்டிவிடலாம். மாட்டும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனையை எர்த் செய்திருப்பார்கள். அதை மாற்றாமல் பேட்டரியை இணைத்தால் ஆல்டர்னேட்டர் அங்கேயே கருகும்.

சரி, கூரை. ஹெரால்டின் ரகசியமே அதன் பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியது என்பதுதான். பாடி அடித்துத் தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், பல இடங்களில் சின்னச் சின்னப் பகுதிகளாகச் செய்து கோர்க்க வேண்டிய நிலை ஸ்டாண்டர்டு டிரையம்புக்கு. கடல் தாண்டி இங்கே கொண்டுவந்து கோர்க்கவும் அது வசதியாயிற்று. கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. ஸ்பானர் இருந்தால் கழற்றலாம். தம்பியின் பெரியப்பா அதைத்தான் செய்திருக்கிறார்.

ஆனால் ஆர்.சி.யில் இருப்பது மூடிய கார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இன்ஜின் மாற்றுவதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். இன்சூரன்ஸ்காரர் விபத்து நாளில்தான் இதையெல்லாம் படிப்பார். இன்னொரு வழி உண்டு. 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் வெளியே எடுக்கலாம். ஞாயிறு காலை நத்தம் ரோடு மேம்பாலத்தில் 7.3 கிலோமீட்டர் காற்று வாங்க வேண்டும் என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைப்பதே நல்லது.

தம்பியிடம் கேட்டேன், கழற்றிய கூரை எங்கே என்று. மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு மறைப்பாக நின்றிருக்கிறது. டெம்போவில் ஏற்றி வந்தார். துரு ஓரங்களில்தான். டிங்கர் இரண்டு இடத்தில் பற்ற வைத்தார். கூரை ஏறியதும், தொங்கிக்கொண்டிருந்த கதவுகள் பாதி சரியாயின. சேஸிஸ் தனியாக இருந்தாலும் மேல் கட்டுமானமும் கொஞ்சம் விறைப்பு கொடுக்கத்தான் செய்கிறது. கதவுக் கண்ணாடி இரண்டையும் இறக்கி அழகர்கோவில் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"காத்து நல்லாத்தாண்ணே வருது. மாருதி இன்ஜின்?"

"ஸ்லீவ் போட்ட கூலியை முதல்ல குடு தம்பி. அடுத்து இங்கிலாந்துலருந்து டிரன்னியன் வரணும்."