போதையினின்று மீண்ட இளைஞரின் மீள்திறனை அளத்தல்

போதைப் பழக்கத்தினின்று சிகிச்சையால் விடுபட்ட இளைஞன் சில மாதங்களில் மறுபடியும் அதற்கு ஆளாவது அரிதன்று. அதனை மன உறுதிக் குறைவு என்று பலரும் பழிப்பர். பழிப்பினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அபினி வகைப் பொருள்களைச் சில காலம் விட்டிருந்த உடல் அவற்றைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடுகிறது. பழைய அளவையே அவன் மீண்டும் உட்கொள்வானாயின், மூச்சு ஒடுங்கி உயிர் போதலும் கூடும்.

துன்பத்தில் தளர்ந்த பின்னும் நிமிரும் இயல்பை மனோதத்துவ நிபுணர் மீள்திறன் என்பர். அதனை அளக்கக் கானர், டேவிட்சன் என்போர் 2003-இல் வெளியிட்ட அளவுகோலில் 25 வாக்கியங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை எண், உச்சம் 100. ஸ்மித் முதலியோர் 2008-இல் அமைத்ததில் 6 வாக்கியங்களே உள்ளன. எண் 1 முதல் 5 வரை. இவற்றுள் மூன்று, இயலாமையைக் கூறுவன. அம்மூன்றில் 5 என்பதை 1 ஆகவும், 4 என்பதை 2 ஆகவும் திருப்பிய பின்னரே கூட்டுதல் வேண்டும். திருப்பாது கூட்டினால், மிகத் திடமானவனும் மிகச் சோர்ந்தவனும் ஒருங்கே 18 பெறுவர்!

இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருவனது உள்ளத்தையே வினவுகின்றன. சூழலின் பங்கோ சிறிதன்று. 1971-இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் போர்வீரரை லீ ராபின்ஸ் அம்மையார் ஆராய்ந்தார். அங்கே ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அபினி வகைப் பொருள்களுக்கு அடிமைப்பட்டிருந்தனர். அவர்களுள் தாயகம் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமைப்பட்டோர் நூற்றுக்கு 5 பேர் அளவினரே. வரும் வழியில் அவர்தம் குணம் மாறிவிடவில்லை. இடமும் தோழரும் மாறினர், பொருள் எளிதிற் கிட்டவில்லை. இதனால்தான் மைக்கேல் உங்கர் குழுவினர் 11 நாடுகளில் ஆய்ந்து அமைத்த 28 வினாக்கொண்ட அளவுகோல், குடும்பத்தையும் ஊராரையும் பற்றியும் கேட்கிறது. இளைஞரிடையே பணியாற்றுவோர்க்கு இதுவே ஏற்றதென்பது எம் கருத்து.

சிகிச்சை இல்லத்தை விட்டு வெளியேறும் நாளில் மட்டும் அளப்பது, கரையில் நிற்பவனின் நீச்சலை அளப்பதாகும். வீடு திரும்பிச் சில வாரங்கள் கழிந்தபின் மறுபடியும், பின்னர் இடையிடையேயும் அளத்தல் வேண்டும். வினாக்களைப் பெயர்ப்பதிலும் கவனம் தேவை: தமிழாக்கியதை மூலம் அறியாத மற்றொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்தாலன்றி, பொருள் பிறழ்ந்தது புலப்படாது. எழுத்தறியாச் சிறுவனுக்கு வாய்மொழியாகவே கேட்கலாம். ஆனால் தந்தையார் அருகில் அமர்ந்திருத்தல் ஆகாது.

2018-இல் நடந்து 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, முகர்ந்து மயங்கும் பொருள்களைப் பயன்படுத்துவோர் பெரியவர்களில் நூற்றுக்கு 0.58; 10 முதல் 17 வயதினரிலோ 1.17. எனவே இக்காரியம் பள்ளியாசிரியரையும் சாரும். பெற்ற எண்ணை மாணவனது மதிப்பெண் ஏட்டில் எழுதலாகாது. அது தலைமையாசிரியர் கண்ணிற் படுமென்று அறிந்த பையன், உயர்ந்த எண்ணையே தேடிக் குறிப்பான். எண் தாழ்ந்திருப்பின், தண்டனையோ அறிவுரையோ வேண்டா. அவ்வாரமே அவன் இல்லத்துக்குச் சென்று காண்க. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் குடும்பத்தாரிடம் எழுதிக் கொடுத்து வருக.