ஊசிக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்: பூனையின் நீரிழிவைப் பேணுதல்

பூனைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை ஒத்தது. கணையம் இன்சுலினைச் சுரந்தாலும் உடல் அதற்கு முன்போல் இணங்குவதில்லை, நாளடைவில் கணையத்தில் அமிலாய்டு என்னும் புரதம் படிந்து சுரப்பும் குன்றிவிடுகிறது. நடுவயதைக் கடந்த, உடல் பருத்த, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளிடம் இந்நோய் அதிகம். ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த இயலாமல் வெளியேற்றுகிறது. அதனுடன் நீரும் போவதால் தண்ணீர்க் கிண்ணம் விரைவில் காலியாகிறது, மணல் தட்டில் சிறுநீர் பட்டுத் திரளும் உருண்டைகள் பெரிதாகின்றன, நன்றாகத் தின்றும் உடல் இளைக்கிறது. நோய் முற்றி நரம்புகள் தளர்ந்தால், விரல்களால் நடக்கவேண்டிய பூனை பின்னங்கால்களின் குதி தரையில் படியத் தாழ்ந்து நடக்கும்.

இதற்கான முதன்மைச் சிகிச்சை, 12 மணி நேர இடைவெளியில் நாளுக்கு இரண்டு முறை தோலுக்கடியில் போடப்படும் இன்சுலின். பூனையின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து நான்கு அமினோ அமிலங்களில் வேறுபட்டாலும் பூனையின் உடல் அதை ஏற்றுக்கொள்வதால், மனிதர்களுக்கென உருவான கிளார்ஜின் என்னும் நீண்டநேர இன்சுலினைக் கால்நடை மருத்துவர்கள் பரவலாகப் பரிந்துரைக்கின்றனர். தொடக்க அளவு பெரும்பாலும் ஒரு யூனிட் மட்டுமே. இவ்வளவு சிறிய அளவில் சிரிஞ்சைத் தவறாக எடுப்பது பெருங்கேடாக முடியும். இந்திய மருந்துக் கடைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட இன்சுலினும் 100 யூனிட் கொண்ட இன்சுலினும் கிடைக்கின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடியிட்ட சிரிஞ்சும் பின்னதற்கு ஆரஞ்சு மூடியிட்ட சிரிஞ்சும் வழங்குகின்றன. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை எடுத்தால், பூனையின் உடலில் இறங்குவது இரண்டரை யூனிட்.

ஊசி போடும் செயல் அஞ்சத்தக்கதன்று. பூனை உணவில் ஈடுபட்டிருக்கும்போது விலாப்புறத்துத் தோலைக் கூடாரம்போல் மெல்லத் தூக்கி, மயிரிழை போன்ற அந்த ஊசியைச் செலுத்தினால், பல பூனைகள் தலையைக்கூடத் திருப்புவதில்லை. சில வேளைகளில் ஊசி தோல் மடிப்பின் மறுபக்கம் வெளியேறி உரோமம் நனைந்துவிடும். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று தெரியாத அந்நிலையில் மறுபடியும் போடாமல் அடுத்த வேளைக்குக் காத்திருப்பதே முறை. ஏனெனில் சில மணி நேரம் சர்க்கரை உயர்ந்திருப்பதைப் பூனை தாங்கிக்கொள்ளும்; இரட்டிப்பான இன்சுலினைத் தாங்காது.

இன்சுலினின் அளவை முடிவுசெய்யச் சர்க்கரையின் அளவு தெரிய வேண்டும், ஆனால் மருத்துவமனையில் எடுக்கும் எண்ணை மட்டும் நம்புவதில் இடர் உண்டு. கூண்டு, பயணம், நாயின் குரல் ஆகியவற்றால் மிரண்ட பூனைக்கு அச்சத்தாலேயே சர்க்கரை வெகுவாக ஏறும். இதனால், முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமின் என்னும் ரத்தப் பரிசோதனையை மருத்துவர்கள் துணைக்கொள்கின்றனர். அன்றாட நடைமுறைக்கோ வீட்டில் எடுக்கும் அளவே பொருத்தமானது. காதைச் சற்று நேரம் வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, பின்புறம் பஞ்சை அணைகொடுத்து, காதோரம் ஓடும் மெல்லிய நாளத்தையொட்டி லான்செட்டால் குத்தினால் குண்டூசித் தலை அளவுக்கு ரத்தம் துளிர்க்கும். ஸ்ட்ரிப்பின் நுனியை அதில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் பஞ்சால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் போதும்.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையின் சர்க்கரையைப் பொதுவாக உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். மனித ரத்தத்தில் சர்க்கரையின் சுமார் 42 சதவீதம் சிவப்பணுக்களுக்குள் இருக்க, பூனையின் ரத்தத்தில் சுமார் 7 சதவீதமே அவற்றுள் இருக்கிறது என்பது இதற்குக் காரணம். விலங்குகளுக்கென அளவு திருத்தப்பட்ட கருவி கிடைக்காதபோது மனிதக் கருவியையே பயன்படுத்தலாம், ஆனால் எக்கருவி என்பதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மருந்தளவைத் திருத்த, சில வாரங்களுக்கு ஒருமுறை, 12 மணி நேரத்துக்கு இரண்டு மணிக்கொரு தடவை அளந்து வரைபடமாக்குவர். அதில் மிகத் தாழ்ந்த புள்ளி 80 முதல் 150 வரை அமைவது விரும்பத்தக்கது. ஒற்றை எண் உயர்ந்தது கண்டு தாமாக ஒரு யூனிட் கூட்டுவது தவறு.

60க்குக் கீழே இறங்குவது ஆபத்து. நடை தள்ளாடும், பார்வை வெறிக்கும், வலிப்பும் வரலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் உணவு தரவேண்டும். இல்லையெனில் ஈறில் தேனைத் தடவி உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும், வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது.

பூனை தாவர மாவைக் கையாளப் படைக்கப்பட்ட உயிரன்று. மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த உணவோடு தொடக்கத்திலேயே இன்சுலின் பெற்ற பூனைகளில் கணிசமானவை, சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலையை எட்டுகின்றன. கணையம் மீண்டும் சுரக்கத் தொடங்கும் அந்நாள் அறிவிப்பின்றி வரும். நேற்றுவரை பொருந்திய அளவு இன்று மிகையாகிவிடும். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் காதிலிருந்து ஒரு சொட்டு எடுக்கச் சொல்வது இதனால்தான். அளவு தாழ்ந்திருந்தாலோ பூனை உணவை மறுத்தாலோ ஊசியை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊசி நின்றபின்பும் நோய் திரும்பக்கூடும், குறிப்பாக வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும்போது. ஆதலால் குளுக்கோமீட்டரை வீட்டிலேயே வைத்திருந்து அவ்வப்போது அளந்து பார்ப்பர்.