ஒளியுணர் எண்

வெயிலில் ஒளியுணர் எண்ணைக் குறைக்க, இருளில் கூட்டுக என்பதே படச்சுருள் காலத்தில் நாம் கற்ற பாடம். எண்ணியல் ஒளிப்பதிவில் அஃது அப்படியே பொருந்துவதில்லை.

2010-இல் வெளிவந்த ஆரி அலெக்ஸாவைக் காண்போம். அதன் உணரி தாங்கும் ஒளிவீச்சு ஏறத்தாழ 14 ஸ்டாப். எண்ணை மாற்றினால் மாறுவது அவ்வீச்சின் பங்கீடே. 800-இல் நடுச்சாம்பலுக்கு மேல் 7.4, கீழ் 6.6, 1600-இல் மேல் 8.4, கீழ் 5.6. எனவே வெயிலில் எண்ணைக் கூட்டி வில்லைத் துளையைச் சுருக்குதலும், இருட்காட்சியில் எண்ணைக் குறைத்து விளக்கைப் பெருக்குதலுமே முறை. விந்தைதான்!

நிழலில் தோன்றும் புள்ளியிரைச்சலை ஓரளவு தணிக்கலாம். வெளுத்தழிந்த வெண்மையை மீட்க இயலாது. நம் இல்லத் திருமணப் பதிவொன்றில் முகங்கள் தெளிவாயின. முற்றத்து வெயிலில் அமர்ந்திருந்த பெரியோரின் வெண்ணுடைகளோ மடிப்பும் தையலுமின்றி வெறும் வெள்ளைத் திட்டுகளாயின.